படர்தாமரை பயில்வானுக்கும் வரும்: பூஞ்சையிடமிருந்து உடம்பு தன்னை எப்படிக் காத்துக்கொள்கிறது?

போன ஐப்பசியில் அம்பாசமுத்திரத்தில் ஒரு மருந்துக்கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். எனக்கு முன்னால் ஒரு தம்பி. கபடி ஆடுகிறவர் என்று தோளைப் பார்த்தாலே தெரிந்தது. குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, இடுப்புல படர்தாமரை. சொறிஞ்சு சொறிஞ்சு உறக்கமே இல்ல. நல்ல களிம்பா ஒண்ணு குடுங்க" என்றார். கடைக்கார அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் கையை நீட்டி ஒரு டியூபை எடுத்துப் போட்டார். கூடவே இலவசமாக ஒரு விளக்கம்: "ஒடம்புல எதிர்ப்பு சக்தி கம்மியாயிட்டுன்னா இப்படித்தான் வரும், பாத்துக்கிடுங்க. சத்தா சாப்பிடணும்."

அந்தத் தம்பியிடம் சத்துக் குறைவு என்று சொன்னால் ஊரே சிரிக்கும். எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருக்கிறார். எலும்பும் தோலுமாக இருப்பார், பாதி நாள் கஞ்சிதான். அவருக்கு இந்த வயது வரை ஒரு படர்தாமரை வந்ததில்லை. அப்படியென்றால் குறைந்ததாகச் சொல்லப்படும் அந்த 'எதிர்ப்பு சக்தி' எது?

நம் பேச்சில் அது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி. நிறைந்திருந்தால் நோய் அண்டாது, குறைந்தால் எல்லாம் வரும், கஷாயமோ சத்துமாவோ குடித்தால் மறுபடி நிரம்பும். உண்மை நிலவரம் தாமிரபரணிப் பாசனத்துக்குத்தான் பக்கத்தில் இருக்கிறது. ஆற்றில் அணைக்கட்டு, அதிலிருந்து கால்வாய், கால்வாய்க்குக் குளம், குளத்துக்கு மடை, மடைக்குக் கீழே வயல். ஒரு மடை உடைந்தால் அதன் கீழுள்ள வயல்தான் முழுகும். எந்த வயலில் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்தே எந்த மடை போயிற்று என்று ஊர்க்காரர் சொல்லிவிடுவார். பூஞ்சை நோய்களும் அப்படித்தான். வாயில் வெள்ளை படிந்தால் ஒரு மடை, மூக்குக்குள் கறுத்தால் வேறொரு மடை. இடுப்பில் வட்டம் வந்தால் பெரும்பாலும் எந்த மடையும் உடைந்திருக்காது. இதைப் புரிந்துகொள்ள, பூஞ்சை யார், நம் பக்கம் யார் யார் நிற்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிடலாம்.

பூஞ்சை நமக்குப் பங்காளி

அடைமழைக் காலத்தில் கருப்பட்டி டப்பாவைத் திறந்தால் மேலே பஞ்சு மாதிரி ஒன்று படர்ந்திருக்கும். சுருட்டி வைத்த பத்தமடைப் பாயை விரித்தால் கரும்புள்ளிகள். 'பூசணம் பூத்துட்டு' என்போம். அந்தப் பூசணம், குப்பைமேட்டில் முளைக்கும் காளான், கள்ளைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட், இடுப்பில் வரும் படர்தாமரை எல்லாமே ஒரே கூட்டம். பொதுப்பெயர் பூஞ்சை.

இந்தக் கூட்டத்துக்கு இரண்டு உருவங்கள் உண்டு. ஈஸ்ட் என்பது தனித்தனி உருண்டை. இழை என்பது நூல்போல நீண்டு கிளைபிரிந்து போவது. சில பூஞ்சைகள் சமயம் பார்த்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். ஊர் பரவுவதற்கு ஸ்போர் என்னும் நுண்ணிய விதைகளைக் காற்றில் விடும். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் முந்நூறு நானூறு ஸ்போர்களை வரிசையாக அடுக்கிவிடலாம், அவ்வளவு சிறியவை. இந்த வரியைப் படிக்கும் நேரத்திலும் நீங்கள் மூச்சோடு சிலதை இழுத்திருக்கக்கூடும். பயப்பட ஒன்றுமில்லை, தினமும் நடப்பதுதான்.

பரம்பரை வரிசையில் பார்த்தால், பூஞ்சை செடிகொடிகளைவிட நமக்குத்தான் கிட்டத்துச் சொந்தம். பாக்டீரியா அசலூர்க்காரன், பூஞ்சை பங்காளி. பங்காளிச் சண்டையின் சங்கடம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அவன் வீட்டில் தீ வைத்தால் நம் கூரையும் பற்றும். பூஞ்சையின் செல்லும் நம் செல்லும் உள்ளே ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், அதைக் கொல்லும் மருந்து நம்மையும் கொஞ்சம் கடிக்கும். கடுமையான பூஞ்சை நோய்க்குக் கொடுக்கும் ஆம்ஃபோடெரிசின் சிறுநீரகத்தைப் பதம்பார்ப்பது இதனால்தான். பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரை பூஞ்சையிடம் எடுபடாததற்கும் இந்த அசலூர்க்காரன், பங்காளி வேறுபாடுதான் காரணம். முதலில் கண்டெடுத்த பெனிசிலினே ஒரு பூஞ்சை தன் எதிரிகளான பாக்டீரியாவைக் கொல்லச் சுரந்த சரக்குதானே.

பதநீரில் சுண்ணாம்பு

பனையேறிகள் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டுவார்கள். சுண்ணாம்பு இருந்தால் இறங்குவது பதநீர். இல்லாவிட்டால் அதே பாளையின் அதே சாறு கள்ளாகிவிடும். சுண்ணாம்பு ஈஸ்டைத் துரத்திப் பிடித்து அடிப்பதில்லை. சாற்றின் குணத்தை மாற்றி, ஈஸ்ட் குடியிருக்க முடியாத இடமாக்கிவிடுகிறது.

உடம்பின் முதல் காவலும் இப்படிப்பட்ட சுண்ணாம்புதான். அதில் பெரியது நம் உடம்புச் சூடு. பெரும்பாலான பூஞ்சைகளுக்கு 37 டிகிரி செல்சியஸ் தாங்காது. வின்சென்ட் ராபர்ட், ஆர்டுரோ காசடெவால் என்ற இரு ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான பூஞ்சை வகைகளைப் பரிசோதித்து 2009-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: 30 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போகும்போது, ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு வகைகள் 'இனி வளர முடியாது' என்று கழன்றுகொள்கின்றன. உலகில் பல லட்சம் பூஞ்சை வகைகள் இருந்தும் மனிதனுக்கு நோய் தருவது சில நூறுதான் என்பதற்கு இந்தச் சூடு ஒரு முக்கியமான காரணம். சூடு இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு வட அமெரிக்க வௌவால்கள் சாட்சி. குளிர்காலம் முழுக்க உடம்பைக் குளிரவைத்துக்கொண்டு உறங்கும் அவற்றை, 2006-ல் முதலில் கண்ணில்பட்ட ஒரு வெள்ளைப் பூஞ்சை லட்சக்கணக்கில் கொன்றுவிட்டது.

நம் உடம்பிலும் எல்லா இடமும் 37 இல்லை. கால்விரல், தோலின் மேல்பரப்பு எல்லாம் சில டிகிரி குறைவு. பூஞ்சைத் தொல்லை பெரும்பாலும் ஏன் தோலோடு நின்றுவிடுகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

அடுத்த சுண்ணாம்பு, காய்ந்த தோல். தோலின் மேல்படலம் செத்த செல்களின் அடுக்கு. அது தினமும் உதிர்ந்துகொண்டே இருக்கிறது, உட்கார்ந்த பூஞ்சையும் கூடவே உதிர்கிறது. ஈரம் தங்கினால் இந்தக் காவல் தளரும். பிசான நடவு நேரத்தில் நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிறவர்களுக்கு விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணை நினைத்துப் பாருங்கள். அந்த அக்காமார்களுக்கு எதிர்ப்பு சக்தியில் என்ன குறை? தோல் ஊறிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் சளி ஸ்போர்களை ஒட்டிப் பிடித்து வெளியே தள்ளும். வாயிலும் குடலிலும் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் பூஞ்சைக்கு இடம்விடாமல் உட்கார்ந்திருக்கும். ஆன்டிபயாடிக் அவற்றைக் காலி செய்தால், அந்த இடத்தில் பூஞ்சை பாய்விரிக்கும்.

இன்னொன்று அதிகம் பேசப்படாதது: இரும்பு. நம்மைப் போலவே பூஞ்சைக்கும் வளர இரும்புச் சத்து வேண்டும். உடம்பு தன் இரும்பைத் திறந்து வைப்பதில்லை. ரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டே சுமந்து போகும். வந்தவனுக்குச் சோறு கிடைக்காது. இந்தப் புரதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

சரி, இதுவரை சண்டையே நடக்கவில்லை. சூடு, காய்ந்த தோல், சளி, குடியிருக்கும் பாக்டீரியா, பூட்டி வைத்த இரும்பு. நம்மை மொய்க்கும் பூஞ்சையில் பெரும்பங்கு இங்கேயே திரும்பிப் போய்விடுகிறது.

உள்ளே வந்தது யார் என்று எப்படித் தெரியும்?

தோல் கிழிந்தோ மூச்சு வழியாகவோ ஒரு பூஞ்சை உள்ளே வந்துவிட்டது என்று வையுங்கள். பங்காளி நம் ஜாடையில்தானே இருப்பான், எப்படி அடையாளம் காண்பது?

சட்டையை வைத்து. நம் செல்லுக்கு வெளியே மெல்லிய சவ்வு மட்டுமே உண்டு. பூஞ்சைக்கு அதன்மேல் தடித்த சுவர் உண்டு. அதில் இறால் ஓட்டில் இருக்கும் அதே கைட்டினும், சர்க்கரை மணிகளைக் கோத்த மாலைபோன்ற பீட்டா குளுக்கனும் இருக்கின்றன. நம் உடம்பு இந்த இரண்டையும் கட்டுமானப் பொருளாகச் செய்வதில்லை. ஆகவே எங்கே பீட்டா குளுக்கன் தட்டுப்பட்டாலும் அங்கே வேற்றாள் நிற்கிறான் என்று அர்த்தம்.

நம் காவல் செல்களின் மேல் இதைத் தடவிப் பார்ப்பதற்கென்றே புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இவற்றுக்குப் பெயர் உணர்விகள். இவை தெரியவந்ததில் ஒரு பழ ஈக்குப் பங்கு உண்டு. வாழைப்பழத் தோலை மொய்க்குமே, அந்தச் சின்ன ஈ. 1996-ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர், டோல் என்ற மரபணு பழுதான ஈக்களைப் பூஞ்சையிடம் விட்டுப் பார்த்தார்கள். ஈக்கள் செத்தன, செத்த உடம்பின்மேல் பூஞ்சை முடிமுடியாக முளைத்து நின்றது. ஈயிடம் பூஞ்சைக்கெதிரான எச்சரிக்கை மணி அந்த டோல்தான் என்று தெரிந்தது. அதன் உறவுக்கார உணர்விகள் மனிதரிடமும் இருப்பது அடுத்தடுத்து வெளிவந்தது. ஹாஃப்மனுக்கு 2011-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மனித செல்லில் பீட்டா குளுக்கனைப் பிடிக்கும் முக்கியமான உணர்வியின் பெயர் டெக்டின்-1.

பூஞ்சையும் லேசுப்பட்டதில்லை. நம் வாயிலும் குடலிலும் சாதாரணமாகவே குடியிருக்கும் கேண்டிடா என்ற பூஞ்சை, பீட்டா குளுக்கன் அடுக்கின்மேல் வேறொரு சர்க்கரைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, பாதி முகத்தை மறைத்தபடி இருக்கும்.

விழுங்கு, முடியாவிட்டால் வலை வீசு

மணி அடித்ததும் வருகிறவர்கள் விழுங்கும் செல்கள். இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் போதும். மேக்ரோஃபேஜ் என்பது திசுவுக்குள்ளேயே குடியிருக்கும் காவலாளி. நுரையீரலின் காற்றறைகளில் சுற்றிக்கொண்டே இருந்து, தினமும் உள்ளே வரும் ஸ்போர்களை முளைக்கும் முன்பே விழுங்கிவிடும். நியூட்ரோஃபில் என்பது ரத்தத்தில் ஓடும் வெள்ளையணு. அழைத்தால் கூட்டமாக வரும், சண்டை போடும், சாகும். நம் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களைச் செய்து தள்ளுகிறது. புண்ணில் வரும் சீழ் பெரும்பாலும் இவர்களின் பிணக்குவியல்தான்.

ஒரு துணைக்கதை. நோய்க்கிருமியை உடம்பின் செல் விழுங்கிக் கொல்வதை உள்ளபடி பார்த்துச் சொன்னவர் ருஷ்ய விஞ்ஞானி இல்யா மெச்னிகோவ். 1884-ல் அவர் விவரித்த அந்தச் சண்டையில் கிருமி ஓர் ஈஸ்ட் வகைப் பூஞ்சை. சண்டை நடந்தது தண்ணீர்ப்பூச்சி ஒன்றின் உடம்புக்குள். கண்ணாடி போன்ற உடம்பு என்பதால் வெளியிலிருந்தே எல்லாம் தெரிந்தது. நம் குளத்துத் தண்ணீரை ஒரு டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால் துள்ளித்துள்ளி நீந்தும் பொடிப்பூச்சிகள் தெரியுமே, அந்த இனம். நோயெதிர்ப்பியலின் முதல் பாடங்களில் ஒன்று பூஞ்சையை வைத்து எழுதப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது.

விழுங்கிய பிறகு எப்படிக் கொல்கிறது? பஞ்சாயத்துக் குடிநீர்த் தொட்டியில் ப்ளீச்சிங் பவுடர் போடுகிறார்கள் அல்லவா? அது தண்ணீரில் கரைந்ததும் உண்டாகி கிருமியைக் கொல்லும் அமிலத்தையே நியூட்ரோஃபில் தன் வயிற்றுக்குள் காய்ச்சுகிறது. பிறவியிலேயே இந்த ப்ளீச் காய்ச்சும் வேலை பழுதான குழந்தைகள் உண்டு. அவர்களுடைய நியூட்ரோஃபில் பூஞ்சையை நன்றாக விழுங்கும், ஆனால் கொல்லத் தெரியாது. ஆஸ்பர்ஜில்லஸ் என்ற சாதாரண மண்பூசணம், நாம் தினமும் மூச்சில் இழுத்துத் துப்பும் பொருள், அந்தக் குழந்தைகளின் நுரையீரலை அரித்துவிடும்.

ஸ்போரும் ஈஸ்டும் விழுங்கும் அளவில் இருக்கும். இழையாக வளர்ந்துவிட்டால்? பனம்பழத்தைக் கோழி எப்படி விழுங்கும்! அப்போது நியூட்ரோஃபில்கள் இழையைச் சுற்றி ஒட்டிக்கொண்டு அந்த ப்ளீச்சை வெளியே கொட்டும். இன்னும் முடியாவிட்டால், தன் மரபணு நூலையே பிரித்து விஷம் தோய்த்த வலையாக எறிந்து, அந்த முயற்சியிலேயே செத்தும் போகும். இந்த வலை 2004-ல்தான் தெரியவந்தது.

சேதி எடுத்துப் போகிறவர்கள்

விழுங்கும் செல்களில் ஒரு பிரிவு, பூஞ்சையின் துண்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து நிணநீர்க் கணுவுக்கு ஓடும். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் 'நெறி கட்டியிருக்கு' என்போமே, அந்தக் கட்டிதான் நிணநீர்க் கணு. அங்கே டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் காத்திருக்கும். சேதி கிடைத்ததும் அவற்றில் ஒரு பிரிவு பூஞ்சை வேலைக்கென்றே தயாராகிறது. அது சுரக்கும் இன்டர்லூக்கின்-17 என்ற சேதிப் பொருள் இரண்டு காரியம் செய்யும்: இன்னும் நியூட்ரோஃபில்களை அழைக்கும்; வாய், தோல் ஆகியவற்றின் மேல்படலச் செல்களையே பூஞ்சைக்கொல்லிப் புரதங்களைச் சுரக்கவைக்கும்.

வாயில் கேண்டிடா அடங்கி இருப்பது இந்த ஏற்பாட்டால்தான். கேண்டிடா ஈஸ்ட் உருண்டையாக இருக்கும்வரை உடம்பு அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. இழையாக நீண்டு சதையைத் துளைக்கத் தொடங்கும்போதுதான் மணி பலமாக அடிக்கும். இருப்பதையெல்லாம் கொல்வது உடம்பின் நோக்கமில்லை. எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் அதற்குப் போதும்.

சுருக்கமாக: முதலில் சுண்ணாம்பு, அப்புறம் பீட்டா குளுக்கனைத் தடவிப் பார்க்கும் உணர்விகள், அப்புறம் விழுங்கும் செல்கள், கடைசியாக டி செல்கள். இவை நான்கும் வெவ்வேறு மடைகள். ஒன்று நன்றாக இருந்தால் இன்னொன்றின் வேலையையும் சேர்த்துப் பார்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

எந்த மடை உடைந்தால் எந்த வயல்

எச்.ஐ.வி. கிருமி டி செல்களைத் தின்னும். கேண்டிடா வாயில் வெள்ளையாகப் படர்ந்துவிடும், ஆனால் நியூட்ரோஃபில்கள் இருப்பதால் பெரும்பாலும் ரத்தத்துக்குள் போகாது. சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு இன்டர்லூக்கின்-17-ஐத் தடுக்கும் ஊசி போடுகிறவர்களில் சிலருக்கும் இதே வாய்ப்படலம் வருகிறது, காரணம் விளங்கும். புற்றுநோய் மருந்தால் நியூட்ரோஃபில் எண்ணிக்கை அதலபாதாளத்துக்குப் போனவர்களுக்கு ஆஸ்பர்ஜில்லஸ் நுரையீரலில் வரும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுக்கிறவர்களை வாய் கொப்புளிக்கச் சொல்வதும் இதை வைத்துத்தான். ஸ்டீராய்டு என்பது நம் காவல் செல்களின் கையைக் கட்டி அழற்சியைத் தணிக்கும் மருந்து. மருந்து வாயிலேயே தங்கினால் அங்குள்ள காவலர் கைகட்டி நிற்க, கேண்டிடா படரும்.

2021-ல் நம்மை உலுக்கிய கரும்பூஞ்சையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அப்போது பேசப்பட்டவற்றில் பாதி தப்பு. முதல் தப்பு பெயரிலேயே இருக்கிறது. இதைத் தரும் மியூக்கர் குடும்பத்துப் பூஞ்சைகள் கறுப்பு இல்லை, கறுப்பது நம் சதை. பழைய ரொட்டியில் சாம்பல் பஞ்சாகப் பூக்கிறதே, அதன் நெருங்கிய உறவுதான் இந்த நோயைத் தருவதில் முதலிடம். இதன் ஸ்போர் மண்ணிலும் சாணத்திலும் காற்றிலும் எப்போதும் இருக்கிறது. அந்த வருடம் புதிதாக வந்ததும் இல்லை, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. ஆனால் அந்த ஜூன் முடிவதற்குள் இந்தியாவில் 40,000 பேருக்கு மேல் வந்துவிட்டது. தமிழ்நாடு அரசு, வந்தால் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய் என்று மே மாதத்தில் அறிவித்தது.

நடந்தது என்ன? இரண்டு மூன்று மடைகள் ஒரே சமயத்தில் திறந்துகொண்டன. கட்டுக்கடங்காத சர்க்கரை நியூட்ரோஃபிலை மந்தமாக்கும். சர்க்கரை முற்றி ரத்தம் அமிலமானால் டிரான்ஸ்ஃபெரின் தன் பிடியை நழுவவிடும். ஞாபகம் இருக்கிறதா? பூட்டி வைத்த இரும்பு ரத்தத்தில் மிதக்கும், மியூக்கருக்கு விருந்து. கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு உயிர்காத்த மருந்துதான், ஆனால் அது சர்க்கரையை ஏற்றும், மேக்ரோஃபேஜின் கையையும் கட்டும். வழக்கமாக மூக்குக்குள்ளேயே செத்துப்போகும் ஸ்போர் இப்போது முளைத்தது. இந்தப் பூஞ்சைக்கு ரத்தக்குழாய் பிடிக்கும். சுவரைத் துளைத்து உள்ளே வளர்ந்து ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். ரத்தம் போகாத சதை செத்துக் கறுக்கும். ரத்தம் போகாத இடத்துக்கு நியூட்ரோஃபிலும் போக முடியாது, ஊசியில் ஏற்றும் மருந்தும் போகாது. செத்த சதையை வெட்டி எடுத்தே ஆக வேண்டியிருந்தது இதனால்தான். அந்தச் சமயத்தில் எதிர்ப்பு சக்திக்கு என்று வீடு வீடாகக் காய்ச்சிக் குடித்தது எதுவும் சர்க்கரையை இறக்கியிருக்காது. காவல் காத்திருக்கக்கூடியது சர்க்கரைக் கட்டுப்பாடு.

சண்டை நடக்கும் இடமும் சேதமாகும்

எங்கள் பெரியப்பாவுக்கு வீரவநல்லூர்ப் பக்கம் வயல். சில வருடங்களுக்கு முன் பிசான அறுப்பில் கதிர்க்கட்டைத் தூக்கும்போது நெல்தாளின் நுனி இடது கண்ணில் கீறிவிட்டது. களத்திலேயே யாரோ தாய்ப்பால் பீச்சிவிட்டார்கள். ராத்திரி விளக்கெண்ணெய். நாலாம் நாள் கண் சிவந்து நீர் வடிய, கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தார். அதைப் போட்டதும் சிவப்பு இறங்கியது, வலி குறைந்தது. "சொகமாயிட்டுலே" என்றார். பத்து நாள் கழித்துக் கருவிழியில் மிளகளவு வெள்ளை. கண் ஆஸ்பத்திரியில் அந்த வெள்ளையை லேசாகச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். அந்த ரசாயனம் நம் செல்களைக் கரைத்துவிடும், பூஞ்சையின் சுவர் மட்டும் கரையாமல் நிற்கும். டாக்டர் என்னையும் பார்க்கச் சொன்னார். கிளைகிளையாக, கண்ணாடிக் குச்சிகளை இறைத்துப் போட்டது போல இழைகள்.

கருவிழி ஒரு விசித்திரமான இடம். ஒளி புகவேண்டும் என்பதற்காக அதில் ரத்தக்குழாயே கிடையாது. அதனால் நியூட்ரோஃபில்கள் ஓரத்து வெள்ளை விழியிலிருந்து நகர்ந்து நகர்ந்துதான் வர வேண்டும். சாதாரணமாகக் கண்ணீரும் இமையும் காவல் காக்கும். கீறல் விழுந்து, அதில் நெல்தாளில் இருந்த பூஞ்சை ஒட்டிக்கொண்டால் அதற்குக் கொஞ்ச நாள் தடையில்லாத வயல். எண்ணெயும் பாலும் இன்னும் சில கிருமிகளைச் சேர்த்துவிடும். பெரியப்பா போட்ட சொட்டில் ஸ்டீராய்டு இருந்தது. சிவப்பு இறங்கியதற்குக் காரணம் பூஞ்சை செத்தது இல்லை, காவலர்கள் அடங்கியது.

பிறகு ஸ்டீராய்டை நிறுத்தி, நாடாமைசின் என்ற பூஞ்சைக்கொல்லிச் சொட்டை மணிக்கொரு தரம் விட்டார்கள். இந்த மருந்துக்கும் இன்னொரு புது மருந்துக்கும் போட்டி வைத்துப் பார்த்து, இதுவே மேல் என்று 2013-ல் வெளியான ஆய்வு நம் பக்கத்து அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்ததுதான். இந்த நோயாளிகள் இங்கே அவ்வளவு அதிகம். தென் தமிழகத்தில் கருவிழிப் புண்ணுக்குப் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறத்தாழ சரிபாதிக் காரணம். நெல்தாள், கரும்புத் தோகை, மாட்டு வால் என்று அடிபடும் வழிகளுக்கும் பஞ்சமில்லை.

பூஞ்சை போயிற்று. ஆனால் பெரியப்பாவின் இடது கண்ணில் இன்று நிழலாட்டம் மட்டும்தான். அந்தத் தழும்பில் பாதி நம் ஆட்கள் செய்தது. நியூட்ரோஃபில்கள் கொட்டிய ப்ளீச்சும் கரைப்பான்களும் பூஞ்சையை மட்டும் பார்த்துப் போவதில்லை, கருவிழியின் நாரையும் அரித்துவிடும். எதிர்ப்பு சக்தி கூடக்கூட நல்லது என்கிறவர்களிடம் இந்தக் கண்ணைக் காட்டலாம்.

மறுபடி அந்தக் களிம்பு

இப்போது கபடித் தம்பியிடம் வருவோம். படர்தாமரைப் பூஞ்சை தின்பது கெரட்டின், அதாவது தோலின் செத்த மேல்படலம், முடி, நகம் இவற்றின் புரதம். உயிருள்ள தோலுக்குள் அது பொதுவாக இறங்குவதில்லை. சூடு ஒத்துக்கொள்ளாது, இரும்பும் கிடைக்காது. கீழேயிருக்கும் காவல் செல்களோ அதன் சரக்கை மோப்பம் பிடித்துவிடும். அரிப்பும் சிவப்பும் அவர்கள் அடிக்கும் மணி. தோலும் வழக்கத்தைவிட வேகமாக உதிர்ந்து பூஞ்சையை வெளியே தள்ளப் பார்க்கும். நடுவில் உதிர்ந்து ஆறும். பூஞ்சை புதுக் கெரட்டினைத் தேடி விளிம்பில் முன்னேறும். வட்டம் வருவது இதனால்தான். அந்தச் சிவந்த விளிம்பு போர்முனை. காவல் செத்துப்போன தோலில் இவ்வளவு சிவப்பு வராது. தம்பியின் எதிர்ப்பு சக்தி நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. கோளாறு வேர்வையில் ஊறிய டிரவுசரிலும், குளித்தபின் யாரும் துடைக்காத அரைஞாண் கயிற்றிலும்தான்.

அண்ணாச்சி எடுத்துப் போட்ட டியூபைக் கவனித்தேன். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு. இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், அதனால்தான் கேட்டு வாங்குகிறார்கள். மணி நின்றது தீ அணைந்ததால் இல்லை. பூஞ்சை சத்தமில்லாமல் படர்ந்து, களிம்பை விட்டதும் பழையபடி பெரிதாக வரும். இப்படி அரைகுறையாகப் பூசியதும் ஒரு காரணமாக, வழக்கமான மாத்திரைக்கு மசியாத ஒரு வகையே இந்தியாவில் தலையெடுத்துவிட்டது. 2020-ல் அதற்கு டிரைக்கோஃபைட்டான் இன்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே நம் நாடு இருக்கிறது.

தை பிறந்து ஒருநாள் அந்தத் தம்பியை அம்பை பேருந்து நிலையத்தில் பார்த்தேன். நானாகத்தான் பேச்சுக் கொடுத்தேன். இடுப்பில் தொடங்கியது தொடைவரை போய்விட்டதாம். கடைசியில் தோல் டாக்டரிடம் போக, அவர் விளிம்பைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, பழைய களிம்பைத் தூக்கிப்போடச் சொல்லி, பூஞ்சை மாத்திரை மட்டும் எழுதிக்கொடுத்திருக்கிறார். வட்டம் மறைந்த பின்னும் விடாமல் சாப்பிட வேண்டும் என்று கண்டிப்பாம்.

"முத வாரம் ரொம்ப அரிச்சுது அண்ணாச்சி, அந்தக் களிம்பையே பூசிரலாம்னு இருந்துச்சு" என்றார். "பூசுனியா?" என்றேன்.

"இல்ல. கயித்தையும் அத்துப் போட்டுட்டேன். எங்க அம்மைதான் ஒரே ஏச்சு."